நிற்கும் வண்டியும் கெடும்

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசம், அம்பாசமுத்திரம், திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாகப் புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது தாமிரபரணி. அதன் பாசனத்தில் நடக்கும் இரு நெற்போகங்கள் கார், பிசானம் எனப்படும். ஐப்பசி, கார்த்திகையில் பிசான நடவு முடிந்துவிட்டால், எரு சுமந்த டிராக்டர் டிரெய்லருக்கு மாசி, பங்குனி அறுவடை வரை அவ்வளவாக வேலை இராது. டிராக்டரைக் கழற்றிக்கொண்டு, டிரெய்லரைக் களத்து ஓரத்திலோ தென்னந்தோப்பிலோ விட்டுவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான்.

'வண்டி சும்மாதானே நிற்கிறது, அதற்கு என்ன வந்துவிடப் போகிறது?' என்று நீங்கள் கேட்கலாம். நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சாலையில் போகும்போது டயர் வெடிப்பதும், பேரிங் இறுகிச் சக்கரம் கழன்று ஓடுவதும் உண்டு. பின்னால் வருபவரின் உயிருக்கே அது ஆபத்து. இத்தகைய பழுதுகள் பலவற்றிற்கு வித்து விழுவது வண்டி ஓடிய நாட்களில் அன்று, நின்ற நாட்களில். எப்படி என்று பார்ப்போம்.

டயரின் காலடி

டயர் தரையைத் தொடும் இடத்தை அதன் காலடி எனலாம். வண்டியின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது டயருக்குள் உள்ள காற்றுதான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம் இருக்கிறது, காற்றழுத்தம் சதுர செ.மீட்டருக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். காலடியின் பரப்பு ஏறத்தாழ 100 சதுர செ.மீ. ஆகும். டியூபிலிருந்து காற்று மெல்ல மெல்லக் கசிந்து அழுத்தம் 1 கிலோவாகக் குறைந்தால், அதே பாரத்தைத் தாங்க 300 சதுர செ.மீ. பரப்புத் தேவைப்படும். அதாவது டயர் மூன்று மடங்கு தட்டையாகிறது. பக்கச்சுவர் பிதுங்கி மடிகிறது. மாதக்கணக்கில் அதே இடம் மடிந்தே இருந்தால் ரப்பரும் உள்ளேயுள்ள நூலிழைகளும் அந்த உருவத்திற்கே பழகிவிடுகின்றன. மறுபடி ஓட்டும்போது சக்கரம் 'தடக் தடக்' என்று துள்ளுவது இதனால்தான்.

ரப்பரை அரிக்கும் வளி

ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்பதை 1839இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். ஆனாலும் ரப்பர் மூலக்கூறுகளின் சங்கிலியில் பல இரட்டைப் பிணைப்புகள் எஞ்சியிருக்கின்றன. காற்றில் உள்ள ஓசோன் வளி அந்தப் பிணைப்புகளைத் தேடித் தாக்கி அறுக்கிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஓசோன் பத்துக் கோடியில் சில பங்குதான். ஆயினும் இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பருக்கு அதுவே போதும். இழுவிசைக்குக் குறுக்காக நுண்ணிய வெடிப்புகள் தோன்றும். காற்றுக் குறைந்து பிதுங்கிய பக்கச்சுவர் எப்போதும் இழுபட்டே நிற்கிறது அல்லவா? அங்கேதான் முதல் வெடிப்பு.

டயர் செய்வோர் இதற்காக ரப்பரில் ஒருவகை மெழுகைக் கலக்கிறார்கள். அது மெல்ல மேற்பரப்புக்கு வந்து மெல்லிய படலமாகிக் காக்கிறது. ஓடும் டயர் வளைந்து நிமிர்வதால் மெழுகு புதிதாக வந்துகொண்டிருக்கும். நிற்கும் டயருக்கு அந்த உதவி குறைவு. டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது; ஆனால் முழுவதும் அன்று.

அச்சுக்குள் நடப்பது

அச்சின் முனையில், சக்கரத்தின் குடத்துக்குள், உருளைகள் கொண்ட பேரிங்குகள் இருக்கின்றன. சக்கரம் சுழலும்போது உருளைகள் கிரீஸை எங்கும் பரப்புகின்றன. வண்டி நின்றதும் பாரம் முழுவதும் கீழே உள்ள சில உருளைகளின் மேல் விழுகிறது. அவற்றின் அடியில் இருந்த கிரீஸ் பிதுங்கி வெளியேறிவிடுகிறது. அந்த இடத்தில் ஈரம் சேர்ந்தால், உருளைகள் நின்ற இடைவெளியிலேயே வரிவரியாகத் துருத் தடங்கள் விழும்.

அதிர்வும் ஒரு பகைதான். 1930களில் அமெரிக்காவில் புதிய மோட்டார் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது, ஒரு மைல்கூட ஓடாத கார்களின் சக்கர பேரிங்குகளில் பள்ளங்கள் விழுந்திருந்தன. சுழலாத உருளைகள் ரயிலின் ஆட்டத்தில் ஒரே இடத்தில் உரசியதே காரணம். எஃகின் கடினத்தை அளக்க உருண்டையை அழுத்திப் பள்ளம் பதிக்கும் முறையை 1900இல் வெளியிட்டவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல். அந்தப் பள்ளங்களைப் போலவே தோன்றியதால் இதற்குப் 'போலிப் பிரினெல் தடம்' என்று பெயர் வந்தது. ஆகவே, ஆயில் எஞ்சின் அதிர்ந்து ஓடும் கொட்டகையை ஒட்டி டிரெய்லரை நிறுத்தலாகாது.

இனி, ஆற்றங்கரையில் நடக்கும் ஒரு தவறு. நீண்ட தூரம் ஓடிவந்த வண்டியை அப்படியே ஆற்றில் இறக்கிக் கழுவுவது. குடம் 70 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கிறது என்று கொள்வோம். 28 பாகை நீரில் இறங்கியதும் உள்ளே உள்ள காற்று குளிர்ந்து, அதன் அழுத்தம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைகிறது. சற்றே தேய்ந்த ஆயில் சீல் இருந்தால், குடம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். கூடவே, பலருக்குக் குடிநீரான ஆற்றில் கிரீஸ் கலக்கிறது. வண்டியைக் கரையில், சூடு ஆறிய பின் கழுவுவதே முறை.

என்ன செய்ய வேண்டும்?

குளிர்நாடுகளில் கோடைச் சுற்றுலாவுக்காகச் சிறு வீடு போன்ற இழுவண்டிகளை வைத்திருக்கிறார்கள். பனிக்காலம் முழுவதும் அவை நின்றே கிடக்கும். அவற்றைக் காக்கும் வழிகளே நம் டிரெய்லருக்கும் பொருந்தும்.

1. பாரத்தை இறக்குங்கள். மேடான, கெட்டியான சமதரையில் நிறுத்தி, முன்கம்பியை உறுதியான தாங்கியின் மேல் வையுங்கள்.

2. சக்கரங்களுக்கு அண்டைக்கல் கொடுத்து, ஒவ்வொரு பக்கமாக ஜாக்கியால் தூக்கி, அச்சின் அடியில் அகலமான கனத்த மரக்கட்டைகளை அடுக்குங்கள். டயர் தரையை விட்டுச் சற்றே எழும்பினால் போதும். செங்கல் திடீரென நொறுங்கும், அதை நம்பாதீர்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டியின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள்.

3. தூக்கி வைக்க முடியாதவர்கள், டயர் செய்தவர் குறித்த அளவுக்குக் காற்றடித்து, சக்கரத்தின் அடியில் பலகை இட்டு, மாதம் ஒருமுறை வண்டியைக் கால் சுற்று நகர்த்தலாம்.

4. தென்னங்கீற்றுத் தட்டியால் டயருக்கு நிழல் கொடுங்கள். பாலிதீன் தாளால் இறுகச் சுற்றினால் ஈரம் உள்ளேயே தங்கும். பளபளப்புக்காகக் கழிவு எண்ணெய் பூசுவது கெடுதல். கனிம எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பும். வெல்டிங் பொறி ஓசோனை உண்டாக்கும். அதன் அருகிலும் நிறுத்த வேண்டாம்.

5. நிறுத்துமுன் குடத்தைத் திறந்து, பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, நன்கு உலர்த்தி, உருளைகளின் இடையே புதிய கிரீஸை அழுத்தி நிரப்பச் செய்யுங்கள். இருவகைக் கிரீஸைக் கலக்க வேண்டாம். சில வகைகள் சேர்ந்தால் இளகி வழிந்துவிடும். தேய்ந்த சீலை மாற்றுங்கள்.

வெள்ளம் புகுந்தால்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரை புரண்டது. இத்தகைய வெள்ளத்தில் அச்சு மூழ்கிவிட்டால், வெளியே துடைத்து வைப்பதால் பயனில்லை. நீர் கலந்த கிரீஸ் பால்போல் வெளுத்திருக்கும். அறுவடை வரை காத்திருந்தால் உள்ளே துரு வேலையை முடித்துவிடும். நீர் வடிந்த சில நாட்களுக்குள் குடத்தைத் திறந்துவிட வேண்டும்.

மீண்டும் எடுக்குமுன்

காற்றை அளந்து பாருங்கள். பக்கச்சுவரில் இழைகள் தெரியும் அளவுக்கு வெடிப்பிருந்தால் டயரை மாற்றுங்கள். பல டயர்களின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் பொறித்திருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள். பூப்பட்டை தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது என்பதை அது நினைவூட்டும்.

சக்கரத்தைக் கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் பேரிங்கில் தடம் விழுந்துவிட்டது. வெறும் வண்டியாகச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, குடத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு எச்சரிக்கை. அதைக் கண்ட பின்னும் நெல் மூட்டைகளை ஏற்றிச் சாலைக்குப் போகலாகாது. இந்தச் சோதனைக்கு அரைநாள் ஆகலாம். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே செய்துவிட்டால், பழுதைத் திருத்தவும் நேரம் கிடைக்கும்.