தண்டுவட நீர் கூறும் சான்று

எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரி குருதியில் மட்டும் உறைவதன்று. தொற்றிய சில வாரங்களிலேயே மூளையையும் சென்றடைகிறது. மருந்தோ அங்கே எளிதில் நுழைவதில்லை. மூளையின் நுண்குழல்களில் அமைந்த தடுப்பு, நஞ்சைப் போலவே மருந்தையும் மறிக்கின்றது. சில மருந்துகளை உள்ளே புகுந்த பின்னும் வெளியேற்றிவிடுகின்றது. ஆகவே, குருதியில் நச்சுயிரி குறைந்தது கொண்டு மூளையும் காக்கப்பட்டது என நாம் முடிவு கட்டலாகாது.

உயிரோடிருப்பவர் மூளையைக் கீறிப் பார்த்தல் இயலுமா? அதனைச் சூழ்ந்தோடும் நீரையே ஆராய்கின்றனர். செருமானிய மருத்துவர் குவிங்க்கே 1891-இல் கையாண்ட முறைப்படி, தண்டுவடம் முடியும் இடத்திற்குக் கீழே, இடுப்பு முள்ளெலும்புகளுக்கிடையே ஊசி செலுத்தி அந்நீரைச் சிறிதளவு எடுப்பர். புதிய மருந்தைத் தொடங்குமுன் ஒருமுறை, சில வாரங்கள் கழித்து மறுமுறை, உடன் குருதியும். இரண்டிலும் நச்சுயிரியின் அளவை ஒப்பிடுவர். ஊசி இட்ட பின்னர்ச் சிலர்க்குத் தலைவலி நாட்கணக்கில் நீடிக்கும். அதனை அறிந்தே முதுகைக் காட்டும் தன்னார்வலர் இல்லையேல் இவ்வாய்வே இல்லை.

எனினும் நீர் வேறு, மூளைத் திசு வேறு. நீரில் காணும் நச்சுயிரிகளுள் ஒரு பகுதி குருதியணுக்களோடு வந்தவையே. அபாகாவிர் என்னும் மருந்து தடுப்பைக் கடந்து அந்நீரை எட்டவல்லது. எச்.ஐ.வி.யால் அறிவுத்தளர்ச்சி உற்றோர்க்கு, அவர்கள் உண்டுவந்த மருந்துகளோடு அதனையும் மிகுந்த அளவிற் கொடுத்து 12 வாரம் நோக்கினர். மருந்தில்லா வெற்று மாத்திரை உண்டோரை விட அவர்கள் தெளிவுற மேம்பட்டிலர் என்பதே 2007-இல் வெளியான முடிவு.