பணியாளர் செய்த பிழையும் முதலாளியின் பொறுப்பும்

கூடலூரில் சுப்ஹுத் தொழுகை முடித்து வெளியே வருவோர் அன்றாடம் காணும் காட்சி ஒன்றுண்டு. ஏலத்தோட்டக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள், தூக்குச்சட்டியும் கையுமாக ஜீப்புகளில் நெருக்கியடித்து அமர்ந்து குமுளி மலைப்பாதையில் புறப்படுவார்கள். வண்டியை ஓட்டுபவர் ஒருவர். வருவாயைப் பெறுபவர் மற்றொருவர்.

அத்தகைய வண்டி உரிமையாளர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் என்னிடம் வந்தார். அவருடைய ஓட்டுநர் கண்ணயர்ந்து, சாலையோரம் நடந்து சென்ற முதியவரின் காலை முறித்துவிட்டார். "ஹள்ரத், ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்பதுதானே குர்ஆனின் தீர்ப்பு? அவன் செய்ததற்கு நான் ஏன் பணம் கட்ட வேண்டும்?" என்றார்.

அத்திருவசனம் பாவச் சுமையைப் பற்றியது. பாவம் வேறு, நஷ்டஈடு வேறு. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்குப் பின், நாயகம் (ஸல்) அவர்கள் காலித் பின் வலீத் (ரலி) அவர்களை பனூ ஜதீமா கூட்டத்தாரிடம் அனுப்பினார்கள். போரிடுவதற்கன்று, அழைப்புப் பணிக்காகவே அனுப்பினார்கள். அங்கே தவறாக உயிர்கள் பறிக்கப்பட்டன. செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் கையுயர்த்தி, அச்செயலுக்கும் தமக்கும் தொடர்பில்லை என இறைவனிடம் முறையிட்டார்கள். ஆயினும் அத்துடன் நின்றுவிடவில்லை. அலீ (ரலி) அவர்களிடம் பொருள் கொடுத்தனுப்பி, உயிர்களுக்கும் உடைமைகளுக்கும் ஈடு வழங்கச் செய்தார்கள். நாய் நீர் குடிக்கும் பாத்திரத்துக்குக்கூட விலை தரப்பட்டதென வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். குற்றத்தில் பங்கில்லாதவரே அனுப்பியவர் என்ற முறையில் ஈடு செய்தார்கள்!

நம் நாட்டு நீதிமன்றங்களும் இவ்வழியே செல்கின்றன. 1952-இல் உதயப்பூரில், பழுது பார்த்த அரசு ஜீப்பை ஓட்டிவந்த ஓட்டுநரின் கவனக்குறைவால் பாதசாரி ஒருவர் இறந்தார். ராஜஸ்தான் அரசே 15,000 ரூபாய் தரவேண்டுமென்ற தீர்ப்பை 1962-இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. இதற்கோர் எல்லையும் உண்டு. வங்கி ஊழியர் ஒருவரிடம், தெரிந்தவர் என்ற நம்பிக்கையில் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை அவர் கையாடியதற்கு வங்கி பொறுப்பல்லவென 1978-இல் அதே நீதிமன்றம் கூறியது. பிழை பணியின் போக்கில் நிகழ்ந்ததா என்பதே உரைகல்.

நம் பகுதியார் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் நூல்களில் சலவைத் தொழிலாளியின் உதாரணம் வருகிறது. அவரிடம் வேலை செய்யும் ஆள், பணியின்போது துணியை அடிக்கையில் கிழித்துவிட்டால், துணிக்காரருக்கு ஈடு தரவேண்டியவர் தொழிலை ஏற்ற முதலாளியே.

இன்னும் கூர்மையானது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. ஹாத்திபுடைய அடிமைகள் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துவிட்டார்கள். எசமானர் அவர்களைப் பட்டினி போடுவதாக உணர்ந்த கலீஃபா, 400 திர்ஹம் பெறுமான ஒட்டகத்துக்கு 800 திர்ஹம் தருமாறு அவருக்கே ஆணையிட்டார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் இந்த இரட்டிப்பை நடைமுறையாக ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றைக் கூறியபின், "ஓட்டுநர் ஏன் உறங்கினார்?" என்று கேட்டேன். நாளுக்கு இரண்டு நடை போன வண்டியை மூன்று நடையாக்கியிருந்தாராம்.

முதியவரின் மருத்துவச் செலவை அவர் கொடுத்துவிட்டார். பின்னர்தான் தெரிந்தது, அத்தொகையை ஓட்டுநரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்திருக்கிறார். அதுபற்றி அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மூன்றாம் நடையின் வருவாய் யாருக்குப் போனதோ அவருடைய கையிலிருந்தே அந்தப் பணமும் போகட்டும் என்றிருப்பேன்.