உங்களுக்குத் தெரியுமா? கிளப்பா, நாடா: இழுபடும் கால்பந்து வீரர்கள்

● ஆப்பிரிக்கக் கோப்பை பெரும்பாலும் ஜனவரியில்தான் நடக்கிறது. ஐரோப்பிய லீக்குகள் சூடுபிடித்திருக்கும் நேரம் அது. 2019-இல் எகிப்தில் ஜூன், ஜூலைக்கு மாற்றிப் பார்த்தார்கள். ஆனால் 2023 ஜூனில் ஐவரி கோஸ்டில் நடக்கவிருந்த போட்டி, அங்கே மழைக்காலம் என்பதால் 2024 ஜனவரிக்குத் தள்ளிப்போனது.

● ஃபிஃபா விதிப்படி, இந்தக் கோப்பைக்கு நாடு அழைத்தால் கிளப் வீரரை அனுப்பியே தீர வேண்டும். லிவர்பூலின் முகமது சாலா அப்படிப் போய், 2024 ஜனவரி 18 அன்று கானாவுக்கு எதிராக ஆடும்போது தொடைத் தசையில் காயம்பட்டார். சிகிச்சைக்கு லிவர்பூலுக்கே திரும்பினார்.

● நம் நாட்டில் நிலைமை தலைகீழ். ஆசிய விளையாட்டுப் போட்டி ஃபிஃபா நாட்காட்டியில் இல்லை. எனவே வீரர்களை விடுவிக்கும் கட்டாயம் கிளப்புகளுக்கு இல்லை. 2023 செப்டம்பர் 19 அன்று சீனாவின் ஹாங்சோவில் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம், 21-இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தொடக்கம். அப்போதைய இந்தியப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் கேட்ட பலர் கிடைக்கவில்லை.

● முந்தைய நாள்தான் போய் இறங்கிய அணி சீனாவைச் சந்தித்தது. இடைவேளைக்குச் சற்று முன் ராகுல் கே.பி. குறுகிய கோணத்தில் அடித்த அபாரமான கோலால் 1-1. இரண்டாம் பாதியில் கால்கள் ஓய்ந்தன, முடிவு 1-5. அப்படியும் இந்தியா கடைசி 16 வரை முன்னேறியது.

● நம் ஊரில் இன்று பூட்ஸ் மாட்டும் பிள்ளை நாளை இந்தியாவுக்கு ஆடலாம். அன்று அவனுக்கு இந்தத் தவிப்பு வேண்டாம். லீக்கும் இந்தியக் கால்பந்து சம்மேளனமும் கலந்து பேசி அட்டவணை போட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.