நடுநிலைப் பள்ளிக் கற்பித்தலில் ஆசிரியர் – பல்கலைக்கழக ஆய்வாளர் கூட்டுழைப்பு: ஓசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தை முன்வைத்து

முன்னுரை

கல்வியியல் ஆய்வேடுகள் பலவற்றில் பள்ளி ஆசிரியர் தரவு வழங்குபவராக மட்டுமே இடம்பெறுகிறார். வினாநிரலை நிரப்பித் தருவதும் வகுப்பறையை ஆய்வாளருக்குத் திறந்துவிடுவதும் அவர் பணியாகின்றன. ஆய்வேடு ஏற்கப்பட்டபின் அதன் முடிவுகள் அவ்வகுப்பறைக்குத் திரும்பி வருவது அரிது. இதற்கு மாறாக, ஆசிரியரும் ஆய்வாளரும் சேர்ந்து பாடத்தையும் கற்பிக்கும் முறையையும் உருவாக்கிய முயற்சி ஒன்று மத்தியப் பிரதேசத்தில் முப்பது ஆண்டுகள் நடைபெற்றது. அதன் இயங்குமுறையையும், அது தமிழகத்து நடுநிலைப் பள்ளிகளுக்கு உணர்த்தும் பாடத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்துப் பின்புலம்

செயலாய்வு என்னும் கருத்தைக் குர்ட் லெவின் 1946-இல் முன்வைத்தார். ஒரு நிலைமையை மாற்ற முயலும்போதே அதைப் பற்றிய அறிவும் உருவாகும் என்பது அதன் அடிப்படை. இங்கிலாந்தின் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் வெளியிட்ட நூலில், ஆசிரியரே தம் வகுப்பறையின் ஆய்வாளர் என்னும் கருத்தை வலியுறுத்தினார். அந்நூல் வெளிவருவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே இந்தியாவின் சிற்றூர்ப் பள்ளிகளில் இக்கருத்தோடு ஒத்த ஒரு நடைமுறை தொடங்கிவிட்டது என்பது நோக்கத்தக்கது.

திட்டத்தின் தோற்றம்

ரசூலியாவிலிருந்த நண்பர்கள் ஊரக மையமும், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை விட்டு வந்த அனில் சத்கோபால் நிறுவிய கிஷோர் பாரதியும் இணைந்து 1972-இல் இத்திட்டத்தைத் தொடங்கின. மாநில அரசின் இசைவுடன் ஓசங்காபாத் மாவட்டத்தின் 16 நடுநிலைப் பள்ளிகளில், 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு இது நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஆய்வாளர்களும் இதில் பங்கேற்றனர். 1978-இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982-இல் தோற்றுவிக்கப்பட்ட ஏகலைவா நிறுவனம் பின்னர் இப்பொறுப்பை ஏற்றது.

கூட்டுழைப்பின் மூன்று தளங்கள்

முதலாவது தளம் பயிற்சி. கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் தாங்களே சோதனைகளைச் செய்து பார்த்தனர். பள்ளி தொடங்கியபின் மாதக் கூட்டங்களில் வகுப்பறை இடர்ப்பாடுகள் பேசப்பட்டன. பல்கலைக்கழகத்தினர் பள்ளிகளுக்கே சென்று வகுப்புகளைக் கண்டனர். பயிற்சி ஒருமுறை நடந்து முடியும் நிகழ்வாக இல்லாமல் ஆண்டு முழுவதும் தொடர்ந்தது.

இரண்டாவது தளம் பாடநூலும் கருவிகளும். 'பால வைஞானிக்' என்னும் பயிற்சி நூல்கள் விடைகளைக் கூறுவதில்லை. சோதனை செய்து, கண்டதை எழுதி, முடிவுக்கு வருமாறு மாணவரை வழிநடத்துகின்றன. நால்வர் கொண்ட குழுக்களாக மாணவர்கள் சோதனை செய்தனர். வகுப்பில் எந்தச் சோதனை நடைபெறவில்லை, எந்த வினா மாணவர்க்கு விளங்கவில்லை என்பவற்றை ஆசிரியர்கள் கூறக் கூற, நூல்கள் திருத்தப்பட்டன. விலையுயர்ந்த ஆய்வகப் பொருள்களுக்கு மாற்றாக எளிய பொருள்கள் இடம்பெற்றன. பூவின் உறுப்புகளைப் பிரித்தறியக் கருவேல முள் பயன்பட்டது. 1978-இல் அங்கு வந்த பொறியாளர் அரவிந்த் குப்தா, மிதிவண்டி வால்வு குழாயையும் தீக்குச்சியையும் கொண்டு வடிவியல் உருவங்களை அமைத்தார்.

மூன்றாவது தளம் தேர்வு. மாணவர் தம் நூலையும் குறிப்பேட்டையும் பார்த்து எழுதும் எழுத்துத் தேர்வும், செய்முறைத் தேர்வும் நடத்தப்பட்டன. கற்பிக்கும் முறையை மட்டும் மாற்றிவிட்டு, மனப்பாடத்தை அளக்கும் தேர்வை அப்படியே விட்டிருந்தால் ஆசிரியர் பழைய முறைக்கே திரும்பியிருப்பார். அவ்வகையில் மூன்று தளங்களுள் தேர்வுச் சீர்திருத்தமே மற்ற இரண்டையும் தாங்கி நின்றது எனலாம்.

திட்டத்தின் முடிவு

2002-இல் மாநில அரசு இத்திட்டத்தை நிறுத்தியது. பாடநூல், தேர்வு, பயிற்சி ஆகிய மூன்றும் அரசின் இசைவைச் சார்ந்தே நின்றன. அவ்விசைவு நீங்கியபோது, ஆசிரியர்கள் முப்பது ஆண்டுகளாகத் திரட்டிய பட்டறிவுக்குக் கல்வி நிர்வாகத்தில் ஓர் இடம் இல்லாமற்போனது. கூட்டுழைப்பின் தரம் ஒன்று, அதன் நிலைபேறு வேறொன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தமிழகச் சூழல்

தமிழகத்திலும் இதற்குரிய முன்மாதிரி உண்டு. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலுக்கு, ரிஷிவேலியின் கற்றல் அட்டைகளைக் கண்டு வந்த மாநகராட்சி ஆசிரியர்களே தம் மாணவர்க்கேற்ற அட்டைகளை உருவாக்கினர். அது பின்னர் மாநிலம் முழுவதும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. நடுநிலை வகுப்புகளுக்குப் படைப்பாற்றல் கல்வி முறை அறிமுகமானது. ஒரு பள்ளியில் ஆசிரியர் உருவாக்கியது மற்றொரு பள்ளிக்கு ஆணையாகச் சென்று சேரும்போது, அங்குள்ள ஆசிரியர் உருவாக்குநர் என்னும் நிலையை இழந்து நிறைவேற்றுநர் ஆகிவிடுகிறார். விரிவாக்கத்தில் உள்ள சிக்கல் இதுவே.

இன்று வட்டார வள மையங்களும் குறுவள மையக் கூட்டங்களும் உள்ளன. ஓசங்காபாத்தின் மாதக் கூட்டத்துக்கு இணையான களம் இது. பூவிருந்தவல்லியை அடுத்த சென்னீர்குப்பம் போன்ற புறநகர் ஊர்களில், பேச்சுத் தமிழோடு பள்ளிக்கு வரும் குழந்தையும் வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தையும் ஒரே வகுப்பில் அமர இடமுண்டு. ஆறாம் வகுப்புப் பாடநூலின் எழுத்து வழக்கு இவ்விருவர்க்கும் எவ்விடத்தில் தடையாகிறது என்பதை அன்றாடம் காண்பவர் ஆசிரியர். அதனை ஒலியியல், தொடரியல் நோக்கில் வகைப்படுத்த வல்லவர் தமிழ்த்துறை ஆய்வாளர். ஒரு பருவம் முழுவதும் இருவரும் குறுவள மையக் கூட்டத்தில் மாணவர் குறிப்பேடுகளை ஒருசேரப் படித்து, ஒரு பாடத்தைத் திருத்தி, மீண்டும் கற்பித்துப் பார்ப்பார்களாயின் அதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை.

முடிவுரை

ஓசங்காபாத் திட்டத்தின் வலிமை அறிவியலாளர்கள் சிற்றூருக்குச் சென்றதில் மட்டும் இல்லை. ஆசிரியரின் மறுப்பு பாடநூலை மாற்றும் ஆற்றல் பெற்றிருந்ததே அதன் அடிப்படை வலிமை. பள்ளியைக் களமாகக் கொள்ளும் ஆய்வுகள் இரண்டு வினாக்களுக்கு விடை கூற வேண்டும். ஆய்வுச் சிக்கலைத் தேர்ந்தெடுப்பதில் ஆசிரியர்க்குப் பங்கு உண்டா? ஆய்வு முடிந்தபின் அவ்வகுப்பறையில் எஞ்சுவது என்ன? களப்பணிக்கான ஒப்புதல் பெறும் நிலையிலேயே இவ்வினாக்கள் கேட்கப்பட்டால், ஆய்வேட்டின் பயன் நூலகத்தோடு நின்றுவிடாது.