நகை போட்டதோடு கணக்கு தீர்ந்ததா?

"மகளுக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. இனி அவளுக்கு என்ன பங்கு?"

கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. மும்பையிலும் பெங்களூருவிலும் வேலை பார்க்கும் ஆண்பிள்ளைகள் கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகும்போதுதான் பெரும்பாலும் இது கிளம்புகிறது. தகப்பனார் காலமாகி இருப்பார். வீடும் கொஞ்சம் தோப்பும் இருக்கும். அண்ணன் தம்பிகள் ஒன்றுகூடும் அந்தப் பத்து நாளுக்குள் பத்திரத்தை முடித்துவிட வேண்டும். தங்கையைக் கூப்பிட்டு, "ஒரு கையெழுத்துதானே, போடு" என்பார்கள்.

அந்தக் கையெழுத்து சாதாரணமானது அல்ல. அதில் ஒரு பெண்ணின் உரிமை அடங்கி இருக்கிறது. அதற்காக சுப்ரீம் கோர்ட்டு வரை ஒரு பெண் போராடி இருக்கிறார்.

5 ஆயிரம் ரூபாய்

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் முன்பு திருவாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. அங்கு 1916-ம் ஆண்டு கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுரிமைச் சட்டம் வந்தது.

உயில் எழுதாமல் தகப்பன் இறந்தால், மகனுடைய பங்கில் நாலில் ஒன்று அல்லது 5 ஆயிரம் ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. கொடுப்பதாகச் சொல்லி இருந்தாலே போதும், அவளுக்குப் பங்கு இல்லை. விதவைக்கோ ஆயுள் உள்ளவரை அனுபவிக்கும் பாத்தியதை மட்டுமே. மறுமணம் செய்தால் அதுவும் போய்விடும்.

ஆனால் அந்தச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருந்தது. லத்தீன் கத்தோலிக்கரில் சில பிரிவினரும், சில தாலுகாக்களில் வாழ்ந்த புராட்டஸ்டண்டுகளில் சிலரும், வழக்கப்படி ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகவே பங்கு வைத்து வந்தார்கள். அவர்களுக்கு இந்த விதிகள் பொருந்தாது என்று எழுதி வைத்தார்கள். சமபங்கு நம் வழக்கத்தில் இல்லாதது என்று யாரும் சொல்ல முடியாது.

மேரி ராய் வழக்கு

கோட்டயத்தைச் சேர்ந்தவர் மேரி ராய். பள்ளிக்கூடம் நடத்தியவர். கணவரைப் பிரிந்து, குழந்தைகளுடன் ஊட்டியில் தகப்பனார் வீட்டில் தங்கியிருந்தபோது, அதைக் காலி செய்யச் சொன்னார்கள். தகப்பனார் உயில் எழுதவில்லை. பழைய சட்டப்படி மகளுக்குக் கிடைக்கக்கூடியது வெறும் 5 ஆயிரம். அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

1986-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 24-ந் தேதி தலைமை நீதிபதி பி.என்.பகவதி, நீதிபதி ஆர்.எஸ்.பதக் ஆகியோர் தீர்ப்புக் கூறினார்கள். 1951 ஏப்ரல் 1-ந் தேதி முதலே திருவாங்கூர் சட்டம் செல்லாது, 1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றார்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பழைய சட்டமே செல்லும் என்று சென்னை ஐகோர்ட்டு முன்பு கூறியிருந்ததையும் ஏற்கவில்லை. மேரி ராய் 2022 செப்டம்பரில் காலமானார்.

இன்றைய கணக்கு

உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்குச் சமமாக. 9 லட்சம் ரூபாய் சொத்தும், மனைவியும், இரண்டு மகன், ஒரு மகளும் இருந்தால் தாய்க்கு 3 லட்சம், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 2 லட்சம். மகளுக்குப் போட்ட நகையையோ, மகனைப் படிக்க வைத்த செலவையோ இந்தப் பங்கில் கழிக்கவும் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

ஆனால் இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன. தகப்பன் முழுச் சொத்தையும் மகன் பேருக்கே உயில் எழுதலாம். மகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாம். இரண்டையும் சட்டம் தடுக்காது. மனச்சாட்சிக்கு வேலை வருவது இங்கேதான்.

வேதம் காட்டும் வழி

எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் மோசே முன் நின்று பங்கு கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றே கர்த்தர் சொன்னார். "அவர்களுக்கு ஆண்பிள்ளை இல்லையே" என்று சிலர் வாதிக்கலாம். யோபுவுக்கு ஏழு மகன்கள் இருந்தார்கள். இருந்தும் தன் மூன்று பெண்களுக்கும் சகோதரர்களின் நடுவே சுதந்தரம் கொடுத்தார்.

லூக்கா சுவிசேஷத்தில் ஒருவன் இயேசுவிடம் வந்து, தன் சகோதரன் பங்கைப் பிரித்துத் தரச் சொல்லும்படி கேட்கிறான். பங்கு பிரிக்கும் வேலையை அவர் ஏற்கவில்லை. பொருளாசையைப் பற்றி எச்சரித்து, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த பணக்காரனின் கதையைச் சொன்னார். பங்கு கேட்கும் தங்கையைப் பேராசைக்காரி என்று சொல்ல இந்த இடத்தைக் காட்டுவது உண்டு. ஆனால் அந்தக் கதையில் கண்டிக்கப்படுகிறவன், எல்லாவற்றையும் தனக்கே சேர்த்து வைத்தவன்!

அண்ணனின் கஷ்டம்

அண்ணனுக்கும் ஒரு நியாயம் உண்டு. வெளியூரில் ஒண்டுக்குடித்தனம் இருந்து, ஓவர்டைம் பார்த்து, தங்கை கல்யாணக் கடனை மாதாமாதம் அடைத்தவன் அவன். அதை யாரும் மறுக்கக் கூடாது.

ஆனால் அந்த நகையும் ரொக்கமும் போன இடம் எது? பெரும்பாலும் மாப்பிள்ளை வீடு. வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். ஊர் கேட்ட வரதட்சணைக்குத் தங்கை ஏன் தன் நிலத்தைக் கொடுக்க வேண்டும்?

"எனக்கு வேண்டாம், அண்ணன் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்" என்று மனமுவந்து விட்டுக் கொடுக்கும் தங்கைகளும் இருக்கிறார்கள். அது அன்பு. ஆனால் தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகு கொடுத்தால்தான் அது கொடை. தெரியாமல் வாங்கிக்கொள்ளும் கையெழுத்துக்கு அந்தப் பெயர் கிடையாது.

லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள், பத்திர எழுத்தரிடம் போகும் முன் தாயையும் தங்கையையும் உட்கார வைத்துக் கணக்கைச் சொல்லிவிடுவது நல்லது. கல்யாணக் கடன் இருந்தால் அதையும் சொல்லலாம். பத்திரத்தை முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். யோசிக்க அவகாசம் கேட்டால் கொடுக்க வேண்டும். இந்த லீவில் முடியாவிட்டால் அடுத்த லீவில் முடியட்டும். அதுவரை தோப்பு எங்கும் போய்விடாது.