காற்றுப் போனாலும் ஓடும் டயர்

காற்று முழுவதும் போன பிறகும் ஓடுகிற டயர் உண்டு என்றால் நம்புவீர்களா? “இதென்ன கண்கட்டு வித்தை!” என்று சிரிக்காதீர்கள். சாதாரண டயரின் பக்கச் சுவர் மெல்லியது. காற்று இறங்கியதும் நனைந்த அப்பளம் மாதிரி துவண்டு விடும். ‘ரன்-பிளாட்’ என்ற டயருக்கோ அந்தச் சுவரைக் கனத்த ரப்பரால் கட்டியிருக்கிறார்கள். ஆணி குத்திக் காற்று இறங்கினாலும் சுவரே வண்டியைத் தாங்கும். பொதுவாக மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோ மீட்டர் தூரம் போய்ச் சேரலாம்.

அமெரிக்காவில் 1953-ல் வெளிவந்த ‘கார்வெட்’ என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிரசித்தமானது. இரண்டே பேர் உட்காரும் வண்டி. 1997-ல் அதைப் புதிதாக அமைத்தபோது ஸ்டெப்னியையே எடுத்து விட்டு, நான்கு சக்கரங்களுக்கும் ரன்-பிளாட் மாட்டினார்கள். அந்த வண்டியின் முன் சக்கரம் 17 அங்குலம், பின் சக்கரம் 18 அங்குலம். ஒரே ஸ்டெப்னியை வைத்துக் கொண்டு என்ன செய்வது? காற்று இறங்கினால் ஓட்டுகிறவருக்கே தெரியாது என்பதால், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியையும் சேர்த்தார்கள்.

இவ்வளவு சௌகரியமான டயரைச் சிலர் ஏன் கழற்றி விடுகிறார்கள்? முதலாவது, முரட்டுத்தனம். பக்கச் சுவர் விறைப்பாக இருப்பதால், சாலையிலுள்ள மேடு பள்ளமெல்லாம் முதுகெலும்புக்குச் சேதி சொல்லும். இரண்டாவது, விலை. காற்றில்லாமல் ஓட்டிய டயரை அநேகமாகப் பழுது பார்க்க முடியாது. புதிது வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது, குளிர். வேகமான வண்டிகளுக்குப் பெரும்பாலும் கோடைக்கால ரப்பரில் செய்த டயரைத்தான் போடுகிறார்கள். மார்கழியில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் உறைகிறதல்லவா? அதே போல், 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிப் போகும். சிகாகோ, டிட்ராய்ட் பக்கத்துக் குளிரில் பிரேக்கை அழுத்தினாலும் வண்டி வழுக்கிக் கொண்டு போகும். அதனால்தான் ‘ஆல் சீஸன்’ டயருக்கு மாறுகிறார்கள். அதன் ரப்பர் குளிரிலும் இளக்கமாகவே இருக்கும்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். பெயரில் எல்லாப் பருவமும் இருந்தாலும், கனத்த பனியில் குளிர்கால டயருக்கு ஈடாகாது. வெயில் நாளில் வளைவில் பற்றிக் கொள்வதில் கோடைக்கால டயருக்கும் ஈடாகாது. பனிச் சோதனையில் தேறிய டயரின் பக்கத்தில் மூன்று சிகர மலையும் பனிச் சில்லும் சேர்ந்த சின்னம் இருக்கும். பார்த்து வாங்க வேண்டும்.

இன்னொன்று, குளிருக்காக ரன்-பிளாட்டைத் துறக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு குணமும் சேர்ந்த டயர் கிடைக்கிறது. 2020-ம் வருஷத்துக் கார்வெட்டின் சாதாரண மாடலுக்குத் தொழிற்சாலையிலேயே அதைத்தான் போட்டார்கள்.

மெத்தென்ற சவாரிதான் முக்கியம், சாதாரண ஆல் சீஸன் டயரே போதும் என்கிறீர்களா? பேஷாக மாற்றலாம். ஆனால் அந்த வீட்டு எஜமானி ஒரு கேள்வி கேட்க வேண்டும்: “ராத்திரி பதினொரு மணிக்கு, ஆளரவமில்லாத நெடுஞ்சாலையில், நான் தனியாக வரும்போது காற்று இறங்கினால் என்ன செய்வது?” முன்பு அதற்கு டயரே பதில் சொல்லிற்று. இப்போது வண்டியில் ஸ்டெப்னியும் இல்லை, அதை வைக்க இடமும் இல்லை!

ஆகவே டயர் மாற்றும் அன்றைக்கே, ஓட்டை அடைக்கும் பசையும் காற்றடிக்கும் சிறு பம்பும் வண்டியில் ஏற வேண்டும். அந்தப் பசை தரையில் படும் பாகத்து ஆணி ஓட்டையை அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தால் அடைக்காது. அப்போது வண்டியை இழுத்துப் போக ஆள் வேண்டும். அவர்களுடைய டெலிபோன் நம்பர் கையில் இருக்கட்டும். நான்கு டயரையும் ஒரே ரகமாக மாற்றுங்கள். பாரம், வேகம் இரண்டுக்கும் கார் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையக் கூடாது. காற்றழுத்தக் கருவியை எடுத்து விடாதீர்கள்.

காவற்காரனை அனுப்பி விட்டால் கதவைத் தாழிட வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்புத்தானே?