ஸ்டீயரிங் லெதர் உரியுதா? கவர் வாங்கும் முன் இதைப் படிங்க!

இன்ஜின் நன்றாக ஓடுகிறது, ஏசியும் பரவாயில்லை. ஆனால் காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தால் கை பிசுபிசுக்கிறது. மேல்பக்கம் கறுப்பு நிறம் போய்ச் சாம்பல் தெரிகிறது, ஓரத்தில் தையல் பிரிந்து நூல் தொங்குகிறது. “ஒரு கவர் வாங்கி மாட்டிட்டா போச்சு” என்பதுதான் பலரும் சொல்லும் தீர்வு. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது. அளவு சரியில்லாத கவர், அவசரமாகத் திருப்பும்போது ரிம்மின் மேல் வழுக்கிச் சுற்றும். கை திரும்பும், சக்கரம் திரும்பாது.

எது பழுதாகியிருக்கிறது?

ஸ்டீயரிங் ரிம்மின் உள்ளே உலோக வளையம், அதன் மேல் ஃபோம், அதன் மேல் லெதர். லெதரின் மேல் நிறப்பூச்சும், அதைக் காக்கும் மெல்லிய டாப் கோட்டும் உண்டு. நம் கை தொடுவது பெரும்பாலும் இந்த டாப் கோட்டைத்தான். வியர்வை, கையில் உள்ள எண்ணெய்ப் பசை, வெயில், ஆல்கஹால் கலந்த சானிடைசர் எல்லாம் முதலில் அரிப்பது இதைத்தான்.

எனவே முதல் கேள்வி: போனது நிறமா, தோலா, தையலா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தேய்ந்த இடத்தில் நார் நாராகத் தெரிந்தால் அது அசல் லெதர். துணி நெசவு தெரிந்தால் செயற்கை லெதர். ரிம்மில் தையலே இல்லையென்றால் அது அச்சில் வார்த்த பாலியூரித்தேனாக இருக்கலாம். இங்கே சொல்லும் நிறப் பழுது அசல் லெதருக்கானது. உரியத் தொடங்கிய செயற்கை லெதரில் பூச்சு நீண்ட நாள் நிற்காது.

நிறம் மட்டும் போயிருந்தால்?

வீட்டிலேயே செய்யலாம். லெதர் கிளீனரும் மென்மையான பிரஷ்ஷும் கொண்டு அழுக்கை எடுக்க வேண்டும். பல சமயம் பிசுபிசுப்பு இதிலேயே போய்விடும். சொரசொரப்பான இடத்தை 800 அல்லது 1000 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைக்க வேண்டும். சிறு வெடிப்பு இருந்தால் லெதர் ஃபில்லரை மெல்லியதாகப் பூசிக் காயவிட்டு, மறுபடி தேய்க்கலாம்.

பிறகு லெதருக்கென்றே வரும் நிறப்பூச்சை ஸ்பாஞ்சில் தொட்டு மெல்லிய கோட்டுகளாகப் பூச வேண்டும். ஒரே தடவையில் தடிமனாகப் பூசினால் சீக்கிரமே ஏடு ஏடாக வரும். கடைசியில் மேட் டாப் கோட். இதை விட்டுவிட்டால் நிறம் கையில் ஒட்டும். ஷூ பாலிஷ் பூசுவதும் அப்படித்தான், வியர்வை பட்டதும் உள்ளங்கை கறுப்பாகும்.

தையல் பிரிந்திருந்தால்?

தோல் நன்றாக இருந்து நூல் மட்டும் போயிருந்தால் திரும்பத் தைக்கலாம். சாதாரண பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். பாண்டட் பாலியெஸ்டர் நூல்தான் சரி. அது வெயிலையும் நன்றாகத் தாங்கும்.

நூலின் இரு முனையிலும் முனை மழுங்கிய ஊசி கோர்த்து, ஏற்கெனவே உள்ள துளைகள் வழியாகவே இரு ஓரங்களையும் மாற்றி மாற்றி இழுத்துச் சேர்க்க வேண்டும். புதிதாகத் துளை போடக் கூடாது. துளைகள் நெருங்கினால் தபால்தலை ஓரம் போல அந்தக் கோட்டிலேயே தோல் கிழியும். ஒவ்வொரு தையலுக்கும் ஒரே அளவு இழுவை கொடுத்தால்தான் கோடு நேராக வரும்.

பழைய துளைகளே கிழிந்திருந்தால் தைத்துப் பயனில்லை. முழுத் தோலையும் மாற்றத்தான் வேண்டும்.

முழுத் தோலையும் மாற்றுவதென்றால்?

பழைய தோலைப் பிரித்து, அதையே மாதிரியாக வைத்துப் புதுத் தோலை வெட்டி, பசையிட்டு இழுத்துத் தைப்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி லெதருக்குப் பெயர் பெற்ற ஊர்கள்தான். ஆனால் ஷூவுக்கும் பைக்கும் எடுக்கும் தோலெல்லாம் இதற்கு ஆகாது. வெயிலையும் உராய்வையும் தாங்கும் பூச்சுள்ள, சுமார் 1 மி.மீ. தடிமனுள்ள கார் லெதர் வேண்டும். தோல் தடித்தால் பிடியே மாறிவிடும்.

இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஸ்டீயரிங்கையே கழற்ற வேண்டும். அதை யூடியூப் பார்த்துச் செய்ய வேண்டாம். இந்தியாவில் 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அதற்கு முந்தைய பல கார்களிலும் அது உண்டு. ஸ்டீயரிங்கின் நடுவில் இருக்கும் ஏர்பேக் தவறிப்போய் வெடித்தால் பலத்த காயம் ஏற்படும். பேட்டரி இணைப்பைத் துண்டித்து, கார் நிறுவனம் சொல்லும் நேரம் வரை காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். அதன் பின்னால் உள்ள கிளாக் ஸ்பிரிங் எனும் சுருள் கேபிள் இடம் மாறி, பிறகு அறுந்தால் ஹாரன், சுவிட்ச், ஏர்பேக் மூன்றுமே செயலிழக்கலாம்.

கடையில் என்ன கேட்க வேண்டும்?

* ஏர்பேக்கைக் கழற்றி மாட்டுவது யார், அந்த வேலையில் அனுபவம் உண்டா?
* போடப்போவது அசல் லெதரா, செயற்கையா? கையில் தொட்டுப் பார்க்கலாமா?
* கை பிடித்திருக்கிறதா என்று உணரும் சென்சார் ஸ்டீயரிங்கில் இருந்தால், அது வேலை செய்யுமா?

வண்டியை எடுக்கும்போது சாவியைப் போட்டு, ஏர்பேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். அணையாமல் எரிந்தாலோ, எரியவே இல்லை என்றாலோ அப்படியே ஓட்டிக்கொண்டு வர வேண்டாம். ஹாரனையும், ஸ்டீயரிங் நேராக நிற்கிறதா என்பதையும் அங்கேயே சரிபாருங்கள்.

திரும்பவும் உரியாமல் இருக்க?

தேங்காய் எண்ணெய், டேஷ்போர்டு பாலிஷ் இரண்டும் வேண்டாம். பளபளப்போடு வழுக்கலும் வரும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் போதும். வெயிலில் நிறுத்தினால் கண்ணாடிக்கு சன்ஷேட். சானிடைசர் போட்டால், கை நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்.